வண்டிப்பாதை பற்றி நீ கேட்ட மனு

அன்பு சீலனுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகப்போகிறது. பதில் எழுதத் தாமதமானதற்கு உடம்பு காரணமில்லை. அம்மாவின் முழங்கால் வலி எப்போதும்போல் இருக்கிறது, என் கண்ணும் எப்போதும்போல். காரணம் நீ கேட்ட மனுதான். உங்கள் நகருக்குக் குறுக்கே போகிற மாட்டுவண்டிப் பாதையைச் சுவர் வைத்து மூட அனுமதி கேட்டு, பஞ்சாயத்துக்கும் தாசில்தாருக்கும் கொடுக்க ஒரு மனு எழுதித் தரச் சொல்லியிருந்தாய். "உங்களை மாதிரி எழுத இங்கே ஆள் இல்லை அப்பா, சங்கத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்" என்று வேறு எழுதியிருந்தாய். அதைப் படித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் சரித்திரம் நடத்தியவனை, ஓய்வு பெற்ற பிறகு யாரும் எதையும் எழுதித் தரச் சொல்லிக் கேட்பதில்லை. அன்று மாலையே மேஜையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். அனுப்புநர், பெறுநர், பொருள் வரைக்கும் ஒழுங்காக வந்தது. அதற்கு மேல் பேனா நகரவில்லை. மறுநாளும் உட்கார்ந்தேன். அதற்கு அடுத்த நாளும்.

அதே கடிதத்தின் கடைசியில், மாடி அறை தயாராகிவிட்டது, ஈஸ்டர் முடிந்ததும் இந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு இரண்டு பேரும் கூடுவாஞ்சேரிக்கே வந்துவிடுங்கள் என்று எழுதியிருக்கிறாய். அம்மா அதைப் படித்த அன்றே பரணிலிருந்து பெரிய பாத்திரங்களை இறக்கிவிட்டாள். எனக்குத்தான் ஒரு பயம். மனுவும் அழைப்பும் ஒரே கடிதத்தில் இருக்கின்றன. ஒன்றுக்கு இல்லை என்று சொன்னால் மற்றதும் கெட்டுவிடுமோ என்று. நீ அப்படி நினைத்து எழுதியிருக்க மாட்டாய். ஆனால் நான் அப்படியெல்லாம் நினைக்கக்கூடியவன் என்பது உனக்குத் தெரியும்.

நீ சொன்ன காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து யோசித்துப் பார்த்தேன். பாதை நகரின் நடுவில் போகிறது, உன் மனை அதை ஒட்டியே இருக்கிறது. பிள்ளைகள் ஸ்கூல் வேனுக்கு நிற்கிற நேரத்தில்தான் மாடுகளும் வருகின்றன. மழைக்காலத்தில் சக்கரம் பதிந்த பள்ளமெல்லாம் சேறு. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போன கிரேஸ் அதில் வழுக்கி விழப் பார்த்தாள் என்று நீ எழுதியிருந்ததைப் படித்தபோது, யோசிக்காமல் மனுவை எழுதி அனுப்பிவிட வேண்டும் என்றுதான் தோன்றியது. லேஅவுட் வரைபடத்தில் அந்த இடம் பூங்கா என்று இருக்கிறது, பாதை என்று ஒன்று அதில் இல்லவே இல்லை என்கிறாய். இவற்றில் எதுவும் பொய்யில்லை. உன்னோடு வாதாடுகிற அளவுக்கு எனக்குத் திறமையும் இல்லை, தெம்பும் இல்லை. ஆனாலும் பேனா நகராததற்கு ஏதோ காரணம் இருக்க வேண்டும் அல்லவா? அதைத்தான் இங்கே உட்கார்ந்து தேடிக்கொண்டிருக்கிறேன். சுற்றி வளைத்து எழுதினால் பொறுத்துக்கொள்.

உன் வீட்டுப் பிரதிஷ்டைக்கு நாங்கள் வந்த அன்று நடந்தது உனக்குத் தெரிந்திருக்காது. நீ உள்ளே ஜெபத்தில் நின்றிருந்தாய். கூட்டம் அதிகமென்று நான் வாசல் ஷாமியானாவின் ஓரத்தில் இருந்தேன். உன் கம்பெனிக்காரர்களின் கார் இரண்டும் ஸ்கூட்டர்களும் அந்தப் பாதையை அடைத்துக்கொண்டு நின்றன. அப்போது எருக்குப்பை ஏற்றிய வண்டி ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவருக்கு என் வயது இருக்கும். காரை எடுக்கச் சொல்ல யாரைக் கூப்பிடுவது என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன். அவர் வண்டியிலிருந்து இறங்கி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "முட்ச்சிகினு வாங்க சார், அவசரமில்ல. மாடு நிக்கும்" என்றார். முக்கால் மணி நேரம் நின்றார். ஜெபம் முடிந்து காரை எடுத்து வழி விட்டதும், நீங்கள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நேரத்தில், நான் அந்த வண்டியின் பின்னாலேயே கொஞ்ச தூரம் நடந்து போனேன். பாதை உங்கள் கடைசி மனையைத் தாண்டி ஒரு கிணற்றடிக்குப் போகிறது, அங்கிருந்து கழனி தொடங்குகிறது. இந்த வழி இல்லையென்றால் எப்படிப் போவீர்கள் என்று கேட்டேன். "ஜி.எஸ்.டி. ரோட்ல ஏறித்தான் சுத்திகினு வரணும். இந்த மாடு பஸ்ஸு ஹாரனுக்கு மெரளும் சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் கேட்டதற்குப் பதில் சொன்னார்.

அதைக் கேட்டு வந்ததிலிருந்து எனக்கு நம் ஊர் ஞாபகம்தான். நம் ஊர் என்று நான் ஆலந்தாங்கலைச் சொல்லும்போது கிரேஸ் சிரிப்பாள், தாம்பரம் பக்கத்தில் என்ன மாமா ஊர் என்று. நாம் எண்பத்தொன்றில் இங்கே வந்தபோது, செம்பாக்கம் தாண்டினால் ஏரியும் கழனியும்தான். கூடுவாஞ்சேரியில் உங்கள் நகர் இப்போது எப்படி இருக்கிறதோ, அப்படித்தான் இது அப்போது இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து வேனில் ஏற்றி, இட்லி வாங்கிக் கொடுத்து மனை காட்டுவார்கள். வெள்ளையடித்த கல் நட்டிருந்த இடமெல்லாம் அந்த வருஷம் அறுத்த வயல். அறுத்த நெல்லின் அடித்தாள் காலில் குத்தியது. நான் அதைப் பற்றி வேறொன்றும் நினைக்கவில்லை, நல்ல செருப்பாகப் போட்டு வந்திருக்கலாம் என்று நினைத்தேன். இங்கே யார் நட்டார்கள், யார் அறுத்தார்கள் என்று கேட்கத் தோன்றவே இல்லை. மறுநாள் வகுப்பில் சோழர் காலத்து ஏரிப் பாசனத்தை நடத்தியிருப்பேன். நன்றாகவே நடத்தியிருப்பேன்.

நகரில் வீடுகள் கூடியதும் சங்கம் வைத்தோம், கையெழுத்து நன்றாக இருந்ததால் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். தெருவிளக்குக்கு மனு, பஸ் நிறுத்தத்துக்கு மனு, ஏரியில் எருமை குளிப்பாட்டுவதை நிறுத்த மனு. தார்ச்சாலைக்கு மட்டும் வருஷக்கணக்கில் எழுதினேன். ஒருவழியாக, நீ குரோம்பேட்டையில் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு தை மாதத் தொடக்கத்தில் பஸ் ரோட்டிலிருந்து நகர் வரைக்கும் தார் போட்டார்கள். சங்கத் தலைவர் கிருஷ்ணமூர்த்தி சார் தேங்காய் உடைத்தார், நம் போதகர் சின்ன ஜெபம் பண்ணினார். ரோலர் போன சூடு ஆறுவதற்குள் ஊர்க்காரர்கள் அறுவடையைத் தொடங்கி, கதிர்க்கட்டுகளை அவிழ்த்து அந்தச் சாலை முழுக்கப் பரப்பிவிட்டார்கள். மணல் லாரியும் பஸ்ஸும் அதன்மேல் ஏறி ஏறிப் போனால் நெல் தானாக உதிரும். ஓரத்தில் பெண்கள் உட்கார்ந்து, வண்டி இல்லாத நேரத்தில் ஓடிவந்து வைக்கோலைப் புரட்டிவிட்டுப் போவார்கள்.

நீ அன்று சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. பின்சக்கரத்திலும் செயினிலும் வைக்கோல் சுற்றிக்கொண்டு, எப்படி இழுத்தும் வரவில்லை. பரீட்சைக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனாய். அன்று சாயங்காலம் சாப்பிடாமல், "அந்த வைக்கோலை அப்படியே பள்ளத்தில தள்ளிட்டு வரோம், நானும் பசங்களும்" என்று நின்றாய். அதற்கு முந்தின நாள்தான் கிருஷ்ணமூர்த்தி சார் ஸ்கூட்டரோடு வழுக்கி விழுந்திருந்தார். அவர் வீட்டு வராந்தாவில் அவசரக் கூட்டம். முழங்கையில் பிளாஸ்திரியோடு அவர் என்னைப் பார்த்து, "சார், நீங்கதான் செக்ரட்டரி. நீங்கதான் போய்ச் சொல்லணும். நைஸா சொல்லுங்க, ஆனா ஸ்ட்ராங்கா சொல்லுங்க" என்றார். இது இரண்டையும் ஒரே சமயத்தில் எப்படிச் செய்வது என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் இல்லை.

மறுநாள் காலை போனேன். சாலையோரப் புளியமரத்தடியில் ஏழுமலையும் அவர் மனைவி கன்னியம்மாவும் இருந்தார்கள். ஏழுமலையை அதற்கு முன் பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. ஊரில் அப்போது கழனி வைத்திருந்த சில குடும்பங்களில் அவர்களுடையது ஒன்று. சொல்ல வேண்டியதை நான்கு வாக்கியமாக மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன்.

"வா சார், பாத்து வா, வய்க்கும்" என்றார் ஏழுமலை. "அன்னிக்கி ஸ்கூட்டர் சார் வுய்ந்தாரே, நாந்தான் தூக்கி வுட்டேன். வேட்டி கியிஞ்சிபூட்ச்சி, பாவம். நம்ம துண்டத்தான் கட்டிகினு போனாரு."

கிருஷ்ணமூர்த்தி சார் கூட்டத்தில் இதைச் சொல்லவில்லை. நான், "ரோடு விஷயமா..." என்று ஆரம்பித்தேன்.

"ரோடு சூப்பரா போட்டுக்கிறாங்க சார். சும்மா தாம்பாளம் மாதிரி கீது. ஒரு மணி நெல்லு மண்ல போவல. யாரோ உங்க ஆளுதான் மனு எயுதி எயுதி வாங்கினாராமே, மவராசன், நல்லா இருக்கணும்."

கன்னியம்மா சேர்ந்துகொண்டாள். "மாடு கட்டி அடிச்சா மாட்டுக்கு தீனி போடணும், மாட்டுக்காரனுக்கு கூலி குடுக்கணும். லாரிக்காரன் சும்மாவே மிதிச்சிட்டு போறான். ஒரு டீ கூட கேக்கல."

மனப்பாடம் செய்த நான்கு வாக்கியங்களில் ஒன்றுகூட எனக்கு நினைவு வரவில்லை. ஏதாவது பேச வேண்டுமே என்று, இதற்கு முன்னால் எங்கே அடிப்பீர்கள் என்று கேட்டேன். தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டதல்ல. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கன்னியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சாரு வாரா வாரம் போற எடந்தான். ஞாயித்துக்கெயமையானா வெள்ளை சட்டை போட்டுகினு."

"உங்க கோயிலு கீதே, அதான் சார் எங்க களம்" என்றார் ஏழுமலை.

ஊர்க் குடும்பங்கள் எல்லாம் முறை வைத்து நெல்லடித்த பொதுக் களம் அது. அப்படித்தான் எத்தனையோ காலமாக இருந்திருக்கிறது. ஆனால் காகிதத்தில் அது, நம் நகர் வந்த கழனிக்குச் சொந்தக்காரரின் பெயரில் இருந்தது. அவர் சென்னையில் இருந்தார், மொத்தமாக விற்றார். மனை போட்டவர்கள் அதைப் பொது உபயோகம் என்று குறித்து, பிறகு நம் சபைக்கு விற்றார்கள். நாம் ஏமாற்றவில்லை. உண்டியல் வைத்து, விற்பனை விழா நடத்தி, காசு சேர்த்து வாங்கினோம். பத்திரம் சுத்தமாக இருக்கிறது, நானே படித்துப் பார்த்தவன். களம் போனதால் அவர்கள் சில வருஷம் ஏரிக்கரையில் அடித்தார்கள், அங்கே மண் சேர்ந்தது. பிறகு நான் எழுதிய மனுவில் சாலை வந்தது. அவர்கள் சாலைக்கு வந்தார்கள்.

நான் திரும்பிப் போய்ச் சங்கத்தில் சொல்லவில்லை. சபைக் கமிட்டியிலும் சொல்லவில்லை, பொருளாளர் எபனேசர் சாரை நினைத்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். நேரே போதகரிடம் போனேன். சின்ன வயசுக்காரர், நாசரேத் பக்கத்தில் விவசாயக் குடும்பம். நான் தட்டுத் தடுமாறிச் சொன்னதைக் கேட்டுவிட்டு, "நம்ம காம்பவுண்ட் சும்மாதானே சார் கிடக்கு. இந்த வருஷம் அங்கேயே அடிச்சுக்கச் சொல்லுங்க. கமிட்டிகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். அப்போது கோயிலுக்கு மதில் கிடையாது, நான்கு பக்கமும் கம்பிவேலிதான், வாசல் பக்கம் அதுவும் இல்லை. கமிட்டியில் எபனேசர் சார் எழுந்து நின்றார். "சாணி போட்டு மெழுகுவாங்களாம் ஐயா! கர்த்தருடைய வளாகத்துல!" என்றார். "கர்த்தர் பிறந்ததே மாட்டுக் கொட்டில்லதானே சார்" என்றார் போதகர். "அது பெத்லகேம் ஐயா, இது தாம்பரம்" என்றார் எபனேசர் சார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள், அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில்தான் தீர்மானம் நிறைவேறியது.

அந்த ஒரு வாரத்தை நீயும் பார்த்தாய். முதல் இரண்டு நாள் நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலிக்கு வெளியே நின்றாய். பரீட்சை முடிந்ததும் உள்ளே போய், கதிர்க்கட்டை வாங்கிக் கல்லில் அடிக்க ஆரம்பித்துவிட்டாய். நீ அடித்த அடியில் நெல் பாதி வேலிக்கு வெளியே பறந்தது. "இஞ்சினீரு தம்பி, அடிக்கிறது எங்களுக்கா, குருவிக்கா?" என்று ஏழுமலை கேட்டார். மறுநாள் உன் உள்ளங்கை இரண்டும் கொப்புளம். அம்மா காபி போட்டுத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு போவாள், திரும்பி வர ஒரு மணி நேரமாகும். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து, கோயில் படியில் உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்பேன். ஏரிக்கரை உடைந்த வருஷம், மதகைத் திறக்க நடந்த சண்டை, ரயிலில் நெல் மூட்டை கடத்திய காலம் என்று ஏதேதோ வரும். நம் தெரு இருக்கிற இடத்துக்கு ஆனைக்கழனி என்று பெயர் என்பதும், எல்லாக் கழனியிலும் கடைசியாகக் காய்வது அதுதான் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நம் ஹால் சுவர் கார்த்திகையில் ஏன் ஓதம் அடிக்கிறது என்று அதுவரை மூன்று கொத்தனார்களைக் கேட்டிருந்தேன். அந்த வாரம் மட்டும் ஊர்க்காரர்கள் யாரும் என்னை சார் என்று கூப்பிடவில்லை. "இன்ன வாத்தியாரே, நீ ஒரு கட்டு அடிக்கிறதுதானே?" என்றார்கள். நான் அடிக்கவில்லை, ஆனால் கேட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதுதான் நம் சபையின் அறுப்பின் பண்டிகை என்பது எங்கள் யாருக்குமே முன்கூட்டி உறைக்கவில்லை. ஆளுக்கொன்றாகப் பூசணிக்காய், வாழைத்தார், கேக், உயிர்க்கோழி என்று எடுத்துக்கொண்டு மக்கள் வருகிறார்கள். எல்லாம் தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கியது. கோயில் படிக்கு நேர் எதிரே ஆள் உயரத்துக்கு நெல் குவிந்து கிடக்கிறது. அதன் உச்சியில் அருகம்புல் செருகிய சாணிப் பிள்ளையார், பக்கத்தில் கற்பூரம் எரிகிறது. நல்ல நாள் என்று அவர்கள் அன்று காலைதான் அளக்கத் தொடங்கியிருந்தார்கள். உள்ளே பாடகர் குழு ஒத்திகை பார்க்கிறது. வெளியே ஏழுமலை மரக்காலில் நெல்லை வாரி, ஒன்று என்று சொல்லாமல் முதல் அளவுக்கு "லாபம்" என்று உரக்கச் சொல்கிறார்.

எபனேசர் சாருக்கு முகம் சிவந்துவிட்டது. இந்தத் தடவை சிரிப்பு இல்லை. "சார், நீங்கதானே இவங்களைக் கூட்டிட்டு வந்தீங்க? நீங்களே சொல்லி எடுக்கச் சொல்லுங்க. பிஷப் ஆபீசுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?" என்றார். சுற்றி ஐம்பது பேர் நிற்கிறார்கள். நான் வேதப் புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். எடுக்கச் சொல்வது தப்பா, எடுக்காமல் விடுவது தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. அம்மாதான் கேக் தட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்க் கன்னியம்மாவிடம் குனிந்து ஏதோ சொன்னாள்.

"அய்ய, இத்த சொல்றதுக்கா இம்மாம் பேரு நின்னுகினு கீறீங்க?" என்று கன்னியம்மா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "பூசை முட்ஞ்சிபோச்சுக்கா. தோ, எட்த்துட்றேன். சாயங்காலம் தண்ணில வுட்டா அது சாணிதான்." பிள்ளையாரை முறத்தில் வைத்து, முந்தானையால் மூடி, வேலிக்கு வெளியே கொண்டுபோய் மடியில் வைத்துக்கொண்டு ஆராதனை முடிகிறவரைக்கும் உட்கார்ந்திருந்தாள். ஏழுமலை அளப்பதை நிறுத்திவிட்டார், துண்டை விரித்து நெல்மேல் போட்டார். பிறகு என்னிடம் வந்து, "நாங்களும் ஒரு மரக்கா குடுக்கலாமா வாத்தியாரே? உள்ள அல்லாரும் குடுக்கறாங்களே" என்று கேட்டார். போதகரே வெளியே வந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார்.

இது எப்படி முடிந்தது என்று நான் அழகாக எழுதலாம். ஆனால் நடந்ததைத்தான் எழுத வேண்டும். ஆராதனை முடிந்து காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்டபோது அந்த மரக்கால் நெல்லை எடுக்க ஆள் இல்லை. நெல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது, ரைஸ் மில்லுக்கு யார் தூக்கிக்கொண்டு போவது? கடைசியில் எபனேசர் சாரே எடுத்தார், பொருட்கள் மிஞ்சக் கூடாது என்பதற்காக. எடுத்ததைக் கோயில் பின்னறையில் வைத்தார், மழைக்காலத்துக்குள் எலி தின்றுவிட்டது. அந்த வருஷத்து ஏல வசூலில்தான் சபைக்கு மதில் கட்டத் தீர்மானம் போட்டார்கள். காரணம் ஒன்றும் தப்பில்லை, இரண்டு தடவை ஆம்ப்ளிஃபயர் திருடு போயிருந்தது. போதகர் அதற்குள் மாற்றலாகிப் போய்விட்டார். அடுத்த தையில் மதிலும் இரும்புக் கேட்டும் பூட்டும் இருந்தன. ஏழுமலை மறுபடி சாலைக்குப் போனார். அடுத்த இரண்டு, மூன்று வருஷத்தில் ஒவ்வொருவராகக் கழனியை விற்றார்கள். கோயில் வந்த பிறகு அந்தக் களத்தில் நெல்லடித்தது அந்த ஒரே அறுவடைதான்.

ஏழுமலைக்காக நான் பரிதாபப்படுகிறேன் என்று நினைக்காதே. அதற்கு அவசியமே இல்லை. கழனிக் கிணற்றை மட்டும் விற்காமல் வைத்துக்கொண்டு, இப்போது டேங்கர் லாரியில் நமக்கே தண்ணீர் விற்கிறார். நம் வீட்டைவிடப் பெரிய மாடி வீடு. போன மாதம் தண்ணீருக்குச் சொல்லப் போனபோது, இப்போதெல்லாம் நெல் போட வேண்டும் என்று தோன்றுமா என்று கேட்டேன். "நெல்லா? அந்த பேஜாரு வுட்டுதே பெரிசு சார்" என்று சிரித்தார். பழைய காலம் நல்ல காலம் என்று அவரே சொல்லாதபோது நான் சொல்ல யார்? அவர் இப்போது என்னை சார் என்றுதான் கூப்பிடுகிறார். வாத்தியாரே என்று சொல்லி வருஷங்கள் ஆகின்றன. நானும் அவர் வீட்டு வாசலில் நின்றுதான் தண்ணீருக்குச் சொல்லிவிட்டு வருகிறேன். உட்காரச் சொல்வதுமில்லை, நான் எதிர்பார்ப்பதுமில்லை.

என் யோசனை வேறு. நான் இந்த ஊருக்காக எழுதிய மனுக்களை எல்லாம் நினைத்துப் பார்த்தேன். விளக்கு, சாலை, பஸ், ஏரி. ஒன்றில்கூட நியாயமில்லாததை நான் கேட்கவில்லை. அநேகமாக எல்லாம் கிடைத்தன, தாமதமாகவாவது. ஆனால் எல்லா மனுக்களிலும் 'இப்பகுதி மக்கள்' என்று எழுதினேனே, அதில் ஏழுமலையும் கன்னியம்மாவும் ஒரு தடவையாவது இருந்தார்களா என்று யோசித்தால், இல்லை. அவர்களைக் கெடுக்க வேண்டும் என்று எழுதவில்லை. அவர்கள் இருப்பது வாக்கியத்துக்குள் வரவே இல்லை. உனக்கு எழுத உட்கார்ந்தபோது, 'மேற்படி பாதையை இப்பகுதி மக்கள் எவரும் பயன்படுத்துவதில்லை' என்று எழுதினால்தான் மனு நிற்கும் என்பது எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அப்படித்தான் எழுத வேண்டும், எழுதவும் எனக்கு வரும். அந்த வாக்கியத்தில்தான் பேனா நின்றது. முக்கால் மணி நேரம் வெயிலில் நின்ற ஒரு மனிதரை நான் பார்த்துவிட்டேன், சீலன். அவர் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

பாதையை மூடக்கூடாது என்று உனக்கு உபதேசம் செய்ய எனக்குத் துணிச்சல் இல்லை. சேறும் நிஜம், பாப்பாவும் நிஜம். அதே பாதையில் ஜல்லி கொட்டி மட்டம் செய்தால் வண்டிக்கும் ஆகும், கிரேஸுக்கும் ஆகும் என்று ஒரு தடவை தோன்றியது. உங்கள் சங்கத்தில் அதற்கு ஒப்புக்கொள்வார்களா என்று தெரியவில்லை. இன்ஜினியர் நீ, உனக்கு இதைவிட நல்ல வழி தெரிந்திருக்கும். இன்னும் சில வருஷத்தில் அந்தக் கழனியும் மனையாகிவிடும், அப்போது பாதைக்கு வேலையே இருக்காது என்று நீ சொல்வாய். ஆமாம், அப்படித்தான் ஆகும். நான் ஒரு ஊர் அப்படி ஆனதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன், இன்னொன்றைப் பார்க்க எனக்குச் சோர்வாக இருக்கிறது. ஆனால் அந்தச் சில வருஷமும் அவர் அந்த மாட்டை ஓட்டிக்கொண்டு எந்த வழியாகவாவது போக வேண்டுமே.

ஆகவே இந்த மனுவை நான் எழுதித் தரப் போவதில்லை. இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். வயது அறுபத்து மூன்றாகிறது, யாருக்கும் இப்படி ஒன்றை நேராக எழுதியதாக ஞாபகம் இல்லை. கடுமையாகத் தோன்றினால் பொறுத்துக்கொள், மென்மையாக எழுதும் வகை எனக்குத் தெரியவில்லை. சங்கத்தில் உனக்குத் தலைகுனிவாக இருந்தால், அப்பாவுக்குக் கண் சரியில்லை என்று சொல்லிவிடு, அது பொய்யுமில்லை. வேறு யாராவது எழுதித் தருவார்கள். நீ அதில் கையெழுத்துப் போட்டாயா என்று நான் எப்போதும் கேட்க மாட்டேன். மாடி அறையைப் பற்றி உன் மனதில் ஏதாவது மாறியிருந்தால், அதையும் கேட்க மாட்டேன். அம்மா மட்டும் பாப்பாவோடு இருக்க ஆசைப்படுகிறாள், அவளை அழைத்துக்கொள். அவளுக்கு இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "அனுப்புங்க, முதல்ல அனுப்புங்க, நாளைக்கு மாத்திடுவீங்க" என்று உறையையும் தபால்தலையையும் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எதிர்வீட்டு நம்பருக்குப் போன் செய். வழக்கமாக அம்மாதான் போய் எடுப்பாள், இந்தத் தடவை நான் வருகிறேன். நீ திரும்பவும் கேட்பாய் என்று தெரியும். உன் குரலைக் கேட்டால் எனக்கு இளகிவிடும் என்பதும் தெரியும். இருந்தாலும் இல்லை என்று சொல்லிப் பார்க்கிறேன்.

அப்பா